வாளோடு வளர்ந்த இல்லறம்: ரிச்சர்ட் பர்ட்டனும் இசபெல்லும்

வாள் என்னும் சொல்லைக் கேட்டவுடன் போர்க்களமும் குருதியுமே நம் நினைவில் எழும். ஆயின் வாளை ஒரு கலைப்பொருளாகவும், மனித குலத்தின் அறிவு வளர்ச்சிக்குச் சான்று கூறும் ஆவணமாகவும் கண்டு போற்றியவர் சிலர் உலகில் வாழ்ந்திருக்கின்றனர். பகைவரை வென்ற வாளைப் புகழ்ந்து போற்றுதலை ‘வாண்மங்கலம்’ எனத் தனித் துறையாக்கிய தமிழ் இலக்கண மரபில் வந்த நமக்கு இவ்வுணர்வு புதியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தலைசிறந்த பயணியும் பன்மொழிப் புலவருமான சர் ரிச்சர்ட் பர்ட்டன் வாளின் மீது கொண்ட காதலும், அக்காதலில் அவருடைய மனைவி இசபெல் பங்கேற்ற திறமும் நாம் அறிந்துகொள்ளத் தக்கவை. ‘ஆயிரத்தொரு இரவுகள்’ கதைகளை ஆங்கிலத்தில் பெயர்த்தவர் என்ற அளவிலேயே பலரும் பர்ட்டனை அறிவர். அவரது வாழ்வின் தொடக்கம் முதல் இறுதி வரை வாள் ஒன்று அவருடன் வந்துகொண்டே இருந்தது என்பதை அறிந்தவர் சிலரே.

இளமையும் வாட்பயிற்சியும்

ரிச்சர்ட் பிரான்சிஸ் பர்ட்டன் 1821ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 19ஆம் நாள் இங்கிலாந்தின் டார்க்கி நகரில் பிறந்தார். தந்தையார் படை அலுவலர். ஓரிடத்தில் நிலைத்து வாழாத குடும்பம் அது. பிரான்சிலும் இத்தாலியிலும் ஊர் ஊராக அலைந்த அந்த இளமை, பர்ட்டனுக்கு இரண்டு செல்வங்களை வழங்கியது. ஒன்று, கேட்ட மொழியை விரைந்து கற்கும் ஆற்றல், மற்றொன்று, வாட்பயிற்சி. அண்ணனும் தம்பியும் ஆசான்களிடம் நாள்தோறும் பயின்றனர். ஒருமுறை முகக்கவசமின்றிப் பயின்றபோது ரிச்சர்டின் பயிற்சி வாள் தம்பி எட்வர்டின் வாய்க்குள் புகுந்து உள்நாக்கைப் பதம் பார்த்துவிட்டது. ஆயுதத்தை எடுப்பவன் அதனால் விளையும் தீங்கிற்கும் பொறுப்பேற்க வேண்டும் என்னும் பாடத்தை அவர் மிக இளமையிலேயே இவ்வாறு கற்றார்.

1840இல் ஆக்சுபோர்டுப் பல்கலைக்கழகத்தின் டிரினிட்டி கல்லூரியில் சேர்ந்தார். அங்கும் அவரை ஈர்த்தவை வகுப்பறைகளைவிட வாட்பயிற்சிக் கூடமும், ஆசிரியர் துணையின்றித் தாமே கற்கத் தொடங்கிய அரபு மொழியுமே ஆகும். தடையை மீறிக் குதிரைப் பந்தயம் காணச் சென்ற காரணத்தால் 1842இல் கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டார். அவ்வாண்டே கிழக்கிந்தியக் கம்பெனியின் பம்பாய்ப் படையில் அலுவலராகி இந்தியா வந்து சேர்ந்தார்.

இந்தியாவில் அவர் கழித்த ஏழாண்டுகள் அவரைக் கீழைநாட்டு அறிஞராக்கின. இந்துஸ்தானி, குசராத்தி, மராத்தி, சிந்தி, பாரசீகம் முதலிய மொழிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கற்றுத் தேர்வுகளில் வென்றார். சிந்து நாட்டின் கடைவீதிகளில் வணிகர் கோலத்தில் அமர்ந்து மக்களோடு மக்களாகப் பழகினார். 1847இல் உடல்நலம் குன்றி விடுப்பில் சென்றபோது கோவா, மலபார் வழியாக நம் நீலகிரிக்கு வந்து உதகையில் தங்கினார். அப்பயணத்தை விரித்துரைக்கும் ‘கோவாவும் நீலமலைகளும்’ என்னும் நூல் 1851இல் வெளிவந்தது.

மதில்மேல் ஒரு சந்திப்பு

தாயகம் திரும்பிய பர்ட்டன் பிரான்சு நாட்டின் கடற்கரை ஊரான பூலோனில் தங்கி நூல்கள் எழுதினார். வாட்பயிற்சிக் கூடத்திற்கும் தவறாது சென்றார். பிரெஞ்சுக் குதிரைப்படை வீரர் ஒருவரோடு முகக்கவசமின்றி மோதி, அவருடைய வாளைப் பலமுறை கையினின்றும் தட்டி வீழ்த்திய செய்தி ஊரெங்கும் பரவியது. வாட்கலை ஆசான் என்னும் பிரெஞ்சுப் பட்டமும் அவருக்குக் கிடைத்தது. பிற்காலத்தில் எத்தனையோ சிறப்புகள் வந்து சேர்ந்தபோதும், தம் வாள் நூலின் முகப்பில் தம் பெயருக்குக் கீழே அவர் பொறித்துக்கொண்டது இந்த ஆசான் பட்டத்தையே ஆகும்.

அந்தப் பூலோன் நகரின் கோட்டை மதிலில், 1850ஆம் ஆண்டில், உலவிக்கொண்டிருந்த பத்தொன்பது வயது மங்கை ஒருத்தி பர்ட்டனைக் கண்டாள். அவளே இசபெல் ஆருண்டெல். பழம்பெருமை வாய்ந்த கத்தோலிக்கக் குடும்பத்தில் 1831ஆம் ஆண்டு மார்ச்சு 20ஆம் நாள் பிறந்தவள். பர்ட்டன் என்னும் பெயரையே குடிப்பெயராகக் கொண்ட நாடோடிக் குலத்து மூதாட்டி ஒருத்தி, தங்கள் குலப்பெயரே உன் பெயராகும் என்று முன்னரே குறி சொல்லியிருந்ததாக இசபெல் பின்னாளில் எழுதினார். குறி உண்மையோ அன்றோ, கண்டது முதல் அவள் உள்ளம் வேறொருவரை நாடவில்லை. ஆனால் அந்த உள்ளம் பத்தாண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

அப்பத்தாண்டுகளில் பர்ட்டன் உலகம் வியக்கும் செயல்கள் பலவற்றைச் செய்தார். 1853இல் ‘ஷைகு அப்துல்லாஹ்’ என்னும் பெயருடன் முஸ்லிம் ஹாஜிகளோடு கலந்து மதீனாவுக்கும் மக்காவுக்கும் சென்று வந்தார். மாறுவேடத்தில் புனிதத் தலங்களுக்குள் புகுந்தமை முஸ்லிம் உள்ளங்களுக்கு உவப்பானதன்று. அதனை மறைத்துக் கூறுதல் வரலாற்றுக்கு நேர்மையாகாது. ஆயினும் தாம் கண்ட வழிபாட்டின் ஒழுங்கையும், அடியார்களின் பக்திப் பெருக்கையும், அரபு மக்களின் விருந்தோம்பலையும் அவர் இகழாது எழுதினார். இஸ்லாமிய உலகைப் பற்றி மேலை நாட்டில் நிலவிய பல தவறான கருத்துகளை அவர் நூல் திருத்தியது என்பதையும் நடுவுநிலையாளர் ஒப்புவர்.

1855ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் சோமாலிக் கடற்கரையான பெர்பெராவில் நிகழ்ந்தது நம் பொருளுக்கு மிக நெருக்கமானது. நள்ளிரவில் பெருங்கூட்டம் ஒன்று அவருடைய கூடாரத்தைத் தாக்கியது. பர்ட்டன் கையில் வளைவாளுடன் வெளியே பாய்ந்து வழியமைத்தார். இருளில் எதிர்ப்பட்ட ஒருவனைப் பகைவன் எனக் கருதி வாளை ஓங்கிய அக்கணத்தில், அவன் தம் ஆள் என்பதை அவனது குரலால் உணர்ந்து கையை நிறுத்தினார். நிறுத்திய அந்த நொடியில் பகைவன் ஒருவன் எறிந்த ஈட்டி அவருடைய ஒரு கன்னத்தில் புகுந்து மறு கன்னத்தின் வழியே வெளிவந்தது. பற்கள் உடைந்தன; அண்ணம் பிளந்தது. அத்தழும்பு இறுதிவரை மறையவில்லை. தம் ஆளைக் காக்கத் தாழ்ந்த வாளுக்குக் கிடைத்த பரிசு அத்தழும்பு எனலாம்.

அதன்பின் ஸ்பீக் என்பாருடன் ஆப்பிரிக்காவின் உள்நாட்டுக்குள் சென்று, 1858ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் டாங்கனிக்கா ஏரியைக் கண்டார். நோயால் நலிந்து, நண்பனாயிருந்த ஸ்பீக்கோடு பகை முற்றித் திரும்பினார்.

வாள் பயின்ற மணமகள்

பர்ட்டனிடம் செல்வம் இல்லை; அவர் கத்தோலிக்கரும் அல்லர். எனவே இசபெல்லின் அன்னையார் இத்திருமணத்திற்கு இறுதிவரை இசையவில்லை. இசபெல் கலங்கிக் கண்ணீர் விட்டுக்கொண்டு அமர்ந்திருக்கவில்லை. பயணியின் மனைவிக்கு வேண்டிய திறன்கள் எவை எனப் பட்டியலிட்டுக் கற்கத் தொடங்கினார். சமைக்கக் கற்றார், கோழி வளர்க்கவும் பால் கறக்கவும் கற்றார். இவற்றோடு அக்காலத்து உயர்குடிப் பெண்கள் எண்ணிப் பார்க்கவும் துணியாத ஒன்றையும் செய்தார். வாட்போர் ஆசான் ஒருவரை அணுகித் தமக்கு வாட்பயிற்சி அளிக்குமாறு வேண்டினார். எதற்காக என்று வினவியபோது, காட்டிலோ பாலையிலோ தம்மையும் தம் கணவரையும் பகைவர் சூழ்ந்தால் அவரைக் காப்பதற்காக என்று விடை தந்தார். பிறர் நகைத்தனர். இசபெல்லோ விளையாட்டாகக் கூறவில்லை.

1861ஆம் ஆண்டு சனவரி 22ஆம் நாள், அன்னையார் அறியாமல், இலண்டன் கத்தோலிக்க ஆலயம் ஒன்றில் எளிய முறையில் திருமணம் நடைபெற்றது. அவ்வாண்டிலேயே இல்லறத்தின் முதல் இடி விழுந்தது. பர்ட்டன் பல்லாண்டு அலைந்து திரட்டிய அரபு, பாரசீகச் சுவடிகளும் கீழைநாட்டுப் பொருள்களும் வைக்கப்பட்டிருந்த இலண்டன் கிடங்கு தீக்கிரையாயிற்று. சேகரிப்போர்க்கு இதனினும் பெரிய துயர் இல்லை. பொருள் போயினும் கண்ணும் கருத்தும் போகவில்லை என்னும் துணிவோடு இருவரும் மீண்டும் சேர்க்கத் தொடங்கினர்.

மேற்கு ஆப்பிரிக்கத் தீவாகிய பெர்னாண்டோ போவில் துணைத்தூதர் பதவி, பின்னர்ப் பிரேசில் நாட்டுச் சாந்தோசுத் துறைமுகத்தில் பதவி என அரசு அவரை எங்கெங்கோ அனுப்பியது. 1869இல்தான் அவர் உள்ளம் விரும்பிய ஊர் கிடைத்தது. அதுவே திமிஷ்கு எனப்படும் டமாஸ்கஸ்.

டமாஸ்கஸின் மாலைப் பொழுதுகள்

வாள் காதலர்க்கு டமாஸ்கஸ் என்னும் பெயரே ஒரு மந்திரம். நீரலை போன்ற வரிகள் ஓடும் டமாஸ்கஸ் வாள் உலகப் புகழ் பெற்றது. அத்தகைய வாள்கள் சிலவற்றின் மூல உலோகம் நம் தென்னாட்டிலிருந்து சென்ற எஃகு என்பது பெருமைக்குரிய செய்தி. மூடிய மண்குகையில் இரும்பையும் கரிப்பொருளையும் இட்டு உருக்கி எடுத்த அவ்வெஃகை மேலை நாட்டார் ‘வூட்ஸ்’ என்றனர். ‘உக்கு’ என்னும் கன்னடச் சொல்லே அவ்வாறு திரிந்தது என்பர். நம் ‘உருக்கு’ என்னும் சொல்லும் அதன் உறவே. ஈரோடு மாவட்டத்துக் கொடுமணல் அகழாய்வில் இரும்பு, எஃகுத் தொழிலின் பழந்தடயங்கள் கிடைத்துள்ளன. 1401இல் தைமூர் அந்நகரைக் கைப்பற்றியபோது அங்கிருந்த கைவினைஞரைச் சமர்க்கந்துக்குக் கொண்டு சென்றதும் வரலாறு.

அந்நகரின் சாலிஹிய்யாப் பகுதியில், மலைச்சரிவில், பர்ட்டன் இணையர் இல்லம் அமைத்தனர். அவர்கள் வீட்டு மொட்டை மாடியில் மாலை நேரங்களில் அமர்ந்து உரையாடிய விருந்தினருள் முதன்மையானவர் அமீர் அப்துல் காதிர் அல்ஜஸாயிரி. பிரெஞ்சு வல்லரசை எதிர்த்துப் பதினைந்து ஆண்டுகள் அல்ஜீரிய மண்ணில் வாளேந்திப் போரிட்ட பெருவீரர் அவர். ஆழ்ந்த மார்க்க அறிஞரும் ஆவார். 1860இல் டமாஸ்கஸில் கலவரம் மூண்டபோது ஆயிரக்கணக்கான கிறித்தவர்களைத் தம் ஆட்களைக் கொண்டு காத்து, தம் இல்லத்தில் அடைக்கலம் தந்தவர். தம் நாட்டுக்காகச் சுழன்ற வாள், பிற சமயத்தாரைக் காக்கவும் எழுந்தது. வாளின் மாண்பு அதனை ஏந்தும் கையில்தான் உள்ளது என்பதற்கு வாழும் சான்றாக விளங்கிய அப்பெருமகனோடு பழகும் பேறு இருவர்க்கும் வாய்த்தது.

இசபெல் அங்கு வீட்டுக்குள் அடங்கியிருக்கவில்லை. ஆண்கள் அணியும் பயண உடையில், இடைவாரில் ஆயுதம் செருகிக் கணவரோடு குதிரையில் பல்மைரா வரை சென்றார். வழியில் கண்டோர் பலர் அவரைப் பர்ட்டனின் மகன் என்றே எண்ணினராம். இளமையில் கற்ற பயிற்சி வீண்போகவில்லை. ஆனால் அந்த இன்ப வாழ்வு நீடிக்கவில்லை. அரசியற் பகையும் புகார்களும் பெருகவே, 1871ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களில் பர்ட்டன் பதவியிலிருந்து திரும்ப அழைக்கப்பட்டார். அவர் உடனே புறப்பட்டார்; கடன்களைத் தீர்த்து, உடைமைகளைக் கட்டிக்கொண்டு பின்தொடரும் பொறுப்பு, வழக்கம்போல் இசபெல்லுடையதாயிற்று.

திரியெஸ்த் இல்லமும் வாளின் வரலாறும்

1872இல் ஆஸ்திரியப் பேரரசின் துறைமுகமான திரியெஸ்த்தில் துணைத்தூதர் பதவி கிடைத்தது. இறக்கும் வரை பதினெட்டு ஆண்டுகள் அதுவே அவர்கள் ஊர். உயர்ந்த மாடியில் அமைந்த அவர்கள் வீடு ஓர் அருங்காட்சியகம் போல் விளங்கியது. ஒருபுறம் இசபெல்லின் சிலுவையும் சமயச் சின்னங்களும். மறுபுறம் கீழைநாட்டுத் திண்டுகளும் தட்டுகளும். பல வடிவும் பல நாட்டு வேலைப்பாடும் கொண்ட வாள்கள், வேட்டை ஈட்டிகள், பயிற்சி வாள்கள், முகக்கவசங்கள் ஆகியவை ஒருங்கே அழகு செய்தன. எழுதிவரும் ஒவ்வொரு நூலுக்கும் ஒரு தனி மேசை. இருவரும் காலையில் எழுந்து பயின்ற பின்னர், நகரின் வாட்பயிற்சிக் கூடத்திற்குச் சென்று ஒரு மணி நேரம் பயிற்சி செய்வர்; கோடையில் கடலில் நீந்துவர். ஐம்பதைக் கடந்த கணவரும் நாற்பதைக் கடந்த மனைவியும் கையில் வாளுடன் நின்ற காட்சி அவ்வூரார்க்குப் பழகிப்போன ஒன்று.

1875ஆம் ஆண்டின் இறுதியில் இருவரும் இந்தியப் பயணம் மேற்கொண்டு, அடுத்த ஆண்டு பம்பாய், ஐதராபாத், கோவா முதலிய இடங்களைக் கண்டனர். ஐதராபாத்தில் முதலமைச்சர் சர் சாலார் ஜங் அவர்களை வரவேற்று விருந்தளித்தார். கோல்கொண்டாவையும் கண்டு மகிழ்ந்தனர். இப்பயணத்தை இசபெல் 1879இல் தனி நூலாக வெளியிட்டார். கணவரின் நிழலாக மட்டும் அவர் வாழவில்லை, எழுத்தாளராகவும் விளங்கினார் என்பதற்கு இது சான்று.

இக்காலத்தில்தான் பர்ட்டன் தம் நெடுநாள் கனவை நனவாக்க முற்பட்டார். 1853இலேயே துப்பாக்கிமுனைக் கத்திப் பயிற்சி குறித்தும், 1876இல் காலாட்படையினர்க்கான வாட்பயிற்சி குறித்தும் நூல்கள் எழுதியிருந்தார். இப்போது அவர் கருதியது உலக மக்கள் அனைவரும் ஏந்திய வாளின் முழு வரலாறு. மூன்று பகுதிகளாகத் திட்டமிட்டு, ஐரோப்பிய அருங்காட்சியகங்களையும் படைக்கல நிலையங்களையும் நேரில் ஆராய்ந்தார். முதற்பகுதி ‘வாளின் நூல்’ என்னும் பெயரில் ஏறத்தாழ 300 படங்களுடன் 1884இல் வெளிவந்தது. தடியும் கல்லும் செம்பும் வெண்கலமும் கடந்து இரும்பு வாள் பிறந்த கதையை அது உரைக்கிறது. வாளின் தாயகம் எகிப்து என்பது அவர் கொள்கை. இரும்பைப் பற்றிய இயலில் இந்திய எஃகும் இடம்பெறுகிறது. அறிஞர் பாராட்டினர், ஆனால் நூல் விலைபோகவில்லை. எஞ்சிய இரு பகுதிகள் வெளிவரவே இல்லை.

வறுமை போக்கியது வேறொரு நூல். 1885 முதல் 1888 வரை 16 தொகுதிகளாக வெளிவந்த ‘ஆயிரத்தொரு இரவுகள்’ மொழிபெயர்ப்பின் அறிவிப்புகளை அனுப்பி, கணக்கெழுதி, விற்பனையைத் திறம்பட நடத்தியவர் இசபெல்லே. 1886இல் பர்ட்டனுக்குச் ‘சர்’ பட்டம் கிடைத்தது.

இறுதியும் ஒரு வினாவும்

1890ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் பர்ட்டன் திரியெஸ்த்தில் காலமானார். அதன்பின் இசபெல் செய்த செயல் ஒன்று இன்றளவும் கண்டனத்திற்கு உள்ளாகி வருகிறது. கணவர் இறுதி நாள்களில் பெயர்த்துக்கொண்டிருந்த அரபு இன்பக்கலை நூலின் கையெழுத்துப்படிக்கு ஆறாயிரம் கினி தர ஒருவர் முன்வந்தார். கையில் பொருளற்ற கைம்பெண்ணாகிய இசபெல் அப்பணத்தை மறுத்து, கணவரின் பெயருக்கு மாசு வரலாகாது என்று கருதி ஏட்டைத் தீயிலிட்டார். பின்னர்ச் செய்தித்தாள் ஒன்றில் அதனைத் தாமே வெளிப்படையாக அறிவித்தார்.

ஒருமுறை தீ அவர்கள் சேகரிப்பை அழித்தபோது இருவரும் சேர்ந்து துயருற்றனர். இம்முறை அத்தீயை மூட்டியது மனைவியின் கையே. அறிவுலகிற்கு இஃது இழப்பு என்பதில் ஐயமில்லை. ஆனால் தம் நலம் கருதி அவர் இதனைச் செய்யவில்லை என்பதும் உண்மை. வாளிலும் பயணத்திலும் முழுமையாக ஒன்றிய இருவர், எழுத்தின் எல்லை எது என்பதில் ஒன்றவில்லை. ஒத்த ஈடுபாடு என்பது ஒரே உள்ளமாகிவிடுதல் அன்று. இரு வேறு மனச்சான்றுகள் ஒரு பாதையில் உடன் நடத்தலே ஆகும். இதனை உணராது இசபெல்லைப் பழிப்பவரும், உணராது போற்றுபவரும் அவரை முழுமையாக அறியாதவரே.

இசபெல் கணவரின் உடலை இலண்டனுக்குக் கொண்டுவந்தார். 1891ஆம் ஆண்டு சூன் திங்களில் மார்ட்லேக் என்னுமிடத்தில் அரபுக் கூடாரம் போன்ற கல்லறையில் அடக்கம் செய்தார். கதவு திறக்கும்போது ஒலிக்குமாறு ஒட்டக மணிகளை உள்ளே தொங்கவிட்டார். 1893இல் கணவரின் வரலாற்றை இரு பெருந்தொகுதிகளாக எழுதி வெளியிட்டார். 1896ஆம் ஆண்டு மார்ச்சு 22ஆம் நாள் மறைந்து, அக்கூடாரத்திலேயே கணவர் அருகில் இடம்பெற்றார். பர்ட்டனின் கைப்படியாக எஞ்சியிருந்த வாட்கலை உரையாடல் ஒன்று 1911இல் பிறரால் பதிப்பிக்கப்பட்டது.

வாளினும் கூரியது அறிவு. அவ்வறிவு தேடலில் கணவன் முன்னே செல்ல மனைவி பின்னே நின்று காண்பது பழைய நெறி. பர்ட்டனின் வாள் நூலின் முகப்பில் இசபெல்லின் பெயர் இல்லை. எனினும் பயிற்சிக் கூடத்தில் எதிரே நின்று வாளேந்திய கையும், ஊர்தோறும் வாள்களைப் பேணிக் கட்டிச் சுமந்த கையும் அவருடையவையே. அந்நூலைப் புரட்டும் மாணவ மாணவியர், அச்சேறாத அப்பெயரையும் சேர்த்தே படித்தல் நன்று.